வன்னிப் பாடசாலையில் குறைந்த செலவில் மாதிரிப் படகுப் போட்டி: திட்டமிடுவதில் இருந்து தண்ணீர் வடிப்பது வரை

பாடசாலையில் படகு கட்டும் போட்டி வைக்கலாமா என்று கேட்டால், "காசுக்கு எங்கே போவது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காசு இதில் சின்னப் பிரச்சினை. நாற்பது பிள்ளைகளுக்கான பொருட்களில் முக்கால்வாசி தேத்தண்ணிக் கடைக் குப்பைக்குள்ளும் வீட்டு வளவிலும் கிடக்கிறது. பெரிய பிரச்சினை வேறு. ஒரு பிள்ளை தகப்பன் இரவிரவாகச் செய்துகொடுத்த படகோடு வரும், இன்னொரு பிள்ளை தானே ஒட்டியதோடு வரும். முதலாவது வெல்லும். இரண்டாவது ஒரு நிமிடத்தில் தாழும். பிறகு பரிசு, கைதட்டல், வீடு. இதற்காக ஒரு மாதம் மினக்கெடத் தேவையில்லை.

இதைத் தவிர்க்க மூன்று விதிகள் போதும். எல்லாக் குழுவுக்கும் ஒரே பொருட்பொதி. வேலை முழுவதும் பாடசாலைக்குள்ளே. ஒவ்வொரு படகுக்கும் இரண்டு முறை தண்ணீர். கீழே சொல்வதில் எதை மாற்றினாலும் மூன்றாவது விதியை மட்டும் மாற்றாதீர்கள். முதல் முறை தாழ்ந்த படகைக் கையில் எடுத்து, எந்த இடத்தால் தண்ணீர் ஏறியது என்று பார்த்து, திருத்தி மறுபடி விடும்போதுதான் பிள்ளை படிக்கிறது.

எந்தப் போட்டி என்று முதலில் முடிவெடுங்கள்

படகுப் போட்டி என்றவுடன் ஓட்டம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதல் வருடம் ஓட்டம் வேண்டாம். படகை ஓட்டும் றப்பர் வளையம் அறுவதும், படகு திசைமாறிக் கரையில் முட்டுவதும், "அவன் கையால் தள்ளினான்" என்ற முறைப்பாடும் சேர்ந்து நாளையே தின்றுவிடும். சுமை தாங்கும் போட்டியில் தொடங்குங்கள். யாருடைய படகு தாழாமல் கூடிய சுமையை ஏற்றுகிறது என்பதை எண்ணினாலே போதும். நடுவர் சண்டைக்கு இடமில்லை. கணக்கும் விஞ்ஞானமும் தாமாக உள்ளே வந்துவிடும்.

வயதையும் பாருங்கள். தரம் 6 முதல் 9 வரைக்கும் இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாழைமடல் படகு போதும்: ஒரு மடல் துண்டு, ஈர்க்குப் பாய்மரம், பூவரசம் இலைப் பாய். வாழைமடலுக்குள் காற்றறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மிதக்கும். அழுகையும் குறைவு.

எப்போது, எங்கே

வன்னியில் மே கடைசியும் ஜூனும் வசதி. காலபோக அறுவடை முடிந்து, நெல் காயப்போடும் படங்குகள் வீடுகளில் சுருட்டிக் கிடக்கும் காலம். சிறுபோக அறுவடை தொடங்கும்வரை இரவல் கேட்டால் தருவார்கள். கிணறுகளும் இன்னும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்காது. ஒக்டோபரில் இருந்து டிசம்பர்வரை வாடை மழை. அந்தக் காலத்தில் வெளியே எதையும் திட்டமிடாதீர்கள். வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி மைதானத்தையும் ஆசிரியர்களையும் பிடித்துவைத்திருக்கும். ஒரு சிக்கல் உண்டு: மே, ஜூனில் சோளகக் காற்று தொடங்கிவிடும். சுமைப் போட்டிக்கு அலை ஆகாது. அதனால் மண்டபத்தின் மறைவில் அல்லது கட்டடத்தின் காற்றுப்படாத பக்கத்தில் தொட்டியை அமையுங்கள். காலை ஏழரையில் இருந்து பத்துமணிக்குள் முடித்தால் காற்றும் வெயிலும் தொல்லை தராது.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் முதலே கேட்டு வையுங்கள். பக்கத்துப் பாடசாலையையும் அழைத்தால் இது இன்னும் முக்கியம். பரிசளிப்பின் நடுவில் பாதிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நல்லாயிராது.

இடம் பற்றி ஒரு கண்டிப்பான சொல்: குளத்துக்குப் போகாதீர்கள். கிளிநொச்சிக்கு இரணைமடு, முல்லைத்தீவுக்கு முத்தையன்கட்டும் வவுனிக்குளமும், மன்னாருக்குக் கட்டுக்கரை என்று எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் குளம் இருக்கிறது. "பக்கத்திலதானே, அங்கேயே விடுவமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். குளத்தின் கரை திடீரென்று ஆழமாகும், அடி சேறு. பல குளங்களில் முதலை இருக்கிறது. தேங்கிய தண்ணீராலும் வயல் சேற்றாலும் எலிக்காய்ச்சல் வரலாம். இதையெல்லாம் விடுங்கள், காற்றில் ஒரு படகு இழுபட்டுப் போனால் அதைப் பிடிக்க ஒரு பிள்ளை கால் வைக்கும். அந்த ஒரு அடிக்காகத்தான் இந்த விதி. கிரவல் அள்ளிய பள்ளம், நீர்ப்பாசன வாய்க்கால், களப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில். தண்ணீரைப் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

தொட்டி கட்டுதல்

நாலு அங்குல சீமெந்துக் கற்கள் 20 இலிருந்து 25 வரை இரவல் எடுங்கள். ஊரில் யாராவது மதில் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமுமாக நிறுத்தி, உள்ளளவு 3 மீற்றருக்கு 1 மீற்றர் வரும்படி செவ்வகமாக அடுக்குங்கள். நிலத்தில் கல்லும் முள்ளும் பொறுக்கி, பழைய சாக்கு இரண்டு விரித்து, அதன்மேல் படங்கை அல்லது தறப்பாளைப் போட்டு, விளிம்பைக் கல்லுக்கு வெளியே மடித்துவிடுங்கள். கற்களுக்கு வெளியே மண் மூட்டைகளை அண்டக் கொடுப்பது அவசியம். 15 சென்ரிமீற்றர் தண்ணீருக்குக் கல் தானாக நிற்கும். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சாய்ந்தால் நிற்காது.

15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 450 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 10 லீற்றர் வாளியால் 45 வாளி. கிணறு வற்றிய பாடசாலை என்றால் ஆழத்தை 10 சென்ரிமீற்றருக்குக் குறைத்து 300 லீற்றரில் சமாளிக்கலாம். சுமைப் போட்டிக்கு அதுவே போதும். படங்கை முதல்நாளே விரித்து ஒரு மணித்தியாலம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எலி கடித்த ஓட்டை போட்டியன்றுதான் தெரியவரும் என்றால் கஷ்டம்.

ஆழம் முழங்காலுக்கும் கீழே என்பதற்காகக் காவல் இல்லாமல் விடாதீர்கள். தண்ணீர் நிரம்பிய நேரத்திலிருந்து வடிக்கும்வரை ஒரு பெரியவர் தொட்டியை விட்டு நகரக்கூடாது. அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். பாடசாலைக்கு வரும் தம்பி தங்கைகள்தான் கவனிக்கவேண்டியவர்கள், போட்டியாளர்கள் அல்ல.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையோ குந்தியிருக்க முடியாத பிள்ளையோ இருந்தால், கூரைக்குப் பூட்டும் பீலி ஒன்றை இரண்டு பக்கமும் அடைத்து மேசைகளின்மேல் வையுங்கள், அல்லது அகலமான பேசின் ஒன்றை வையுங்கள். அந்தக் குழு முழுவதும் அங்கேயே போட்டியிடட்டும். சுமையை எண்ணும் போட்டி என்பதால் தண்ணீர் வேறு பாத்திரத்தில் இருந்தாலும் நீதி கெடாது.

பொருட்பொதி

நான் சிபாரிசு செய்யும் முக்கியப் பொருள் 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் உள்ளுறை. தண்ணீர் புகாது, கிழியாது, மடித்த மடிப்பு நிற்கும். தேத்தண்ணிக் கடை ஒன்றில் சொல்லி வைத்தால் இரண்டு கிழமையில் வேண்டியது சேரும். பின்மடிப்பைப் பிரித்து விரித்து, கழுவிக் காயவைத்து, எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு சதுரமாக வெட்டுங்கள். 24 சென்ரிமீற்றர் சதுரம் வந்தால் நல்லது. வராவிட்டால் எல்லோருக்கும் 18. உறை கிடைக்காத இடத்தில் பழைய கலண்டரின் தடித்த தாளுக்கு மெழுகு பூசலாம், ஆனால் அது அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது.

ஒரு பொதிக்குள் போடவேண்டியவை: இரண்டு சதுரம் (ஒன்று முதல் படகுக்கு, ஒன்று திருத்திய படகுக்கு), எட்டு ஈர்க்கு, ஐஸ்பழத் தடி நாலு, நூல் ஒரு மீற்றர், அரைத்துண்டு மெழுகுதிரி, செலோடேப் 30 சென்ரிமீற்றர். செலோடேப்பை அளந்து வெட்டி ஒரு தடியில் சுற்றிக் கொடுங்கள். உருளையைக் கொடுத்தால் படகு முழுவதும் செலோடேப்பாகத்தான் வரும். காசு கொடுத்து வாங்குவது மெழுகுதிரி, நூல், செலோடேப் மூன்றும்தான். ஒரு குழுவுக்கு 150 ரூபா என்று உச்சவரம்பு வைத்து அதற்குள் நில்லுங்கள். மீதி எல்லாம் சேகரித்தது.

ரெஜிபோம் வேண்டாம். மீன் வாடியில் உடைந்த பெட்டிகள் சும்மா கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ரெஜிபோமை எப்படி வெட்டினாலும் மிதக்கும். பிள்ளை யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்ட வெட்ட உதிரும் வெள்ளை மணிகள் காற்றில் பறந்து வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகும். வாழைமடல், ரெஜிபோம் எல்லாம் பொருளால் மிதப்பவை. பால்மா உறை வடிவத்தால் மிதப்பது: கசக்கி உருட்டி அதற்குள் ஒரு கல்லை வைத்தால் தாழும், பெட்டியாக மடித்தால் அதே கல்லைச் சுமக்கும். போட்டியின் உயிர் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

வெள்ளைப் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரவேலைக்குப் பாவிக்கும் பசை காய்ந்தபின் நல்ல பலம். தண்ணீரில் ஊறினால் இளகி வெள்ளையாகும். அதன்மேல் மெழுகு தேய்க்காமல் விடாதீர்கள். சுப்பர் க்ளூவைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. மெழுகை உருக்குவதென்றால் ஆசிரியர் மட்டும். பிள்ளைகள் மெழுகுதிரியைப் பச்சையாகவே மடிப்பில் தேய்த்து விரலால் அழுத்தட்டும், அதுவே பிடிக்கும்.

பொருள் சேகரிக்கும்போது பிள்ளைகளை "காட்டுக்குள்ளே போய் நல்ல தடி வெட்டிக்கொண்டு வா" என்று அனுப்பாதீர்கள். போர்க்காலத்து வெடிபொருள் இன்னும் அங்கங்கே அகப்படும் மண் இது. வீட்டு வளவிலும் பாடசாலை வளவிலும் கிடைப்பது மட்டும். இரும்புத் துண்டு எதுவும் சேகரிப்புப் பட்டியலில் இருக்கக்கூடாது.

"வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்" என்றும் சொல்லாதீர்கள். கொண்டுவர இல்லாத பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. சேகரிப்புப் பெட்டி ஒன்றை அலுவலக வாசலில் வையுங்கள். கொண்டுவருபவர் போடட்டும், யார் போட்டார் என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை.

சுமைப் படிகள்

காய்ந்த மணலை 50 கிராம் அளவில் நிறுத்து, பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மேலே இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். தண்ணீர் உள்ளே போனால் நிறை கூடிவிடும். ஒரு தொகுதிக்கு 50 கிராம் படி 20, 10 கிராம் படி 10. இரண்டு தொகுதி இருந்தால் இரண்டு குழு ஒரே நேரத்தில் ஏற்றலாம். விஞ்ஞானகூடத் தராசு வேலை செய்தால் அதில் நிறுங்கள், இல்லாவிட்டால் நகைக்கடைத் தராசோ பலசரக்குக் கடையின் மின்தராசோ உதவும்.

போளையைப் படியாகப் பாவிக்க ஆசை வரும். போட்டிக்கு வேண்டாம், பயிற்சி நாளில் ஒருமுறை கட்டாயம் பாவியுங்கள். பெட்டிப் படகு ஒன்றில் போளைகளை ஒவ்வொன்றாக இடுங்கள். முதலில் அசைவில்லாமல் நிற்கும். ஒரு கட்டத்தில் படகு ஒரு மயிரிழை சரியும். உடனே ஒரு போளை அந்தப் பக்கம் உருளும். அது உருண்டதால் இன்னும் சரியும். மிச்சம் எல்லாம் சேர்ந்து அந்த மூலைக்கு ஓடும். மூலை தண்ணீருக்குள் இறங்கும், முடிந்தது. கண் இமைக்கும் நேரம்தான். சுமையை ஏன் கட்டவேண்டும், ஏன் நடுவில் தாழ வைக்கவேண்டும் என்று அதற்குப் பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் என்றால், வள்ளத்துக்குள் தண்ணீர் நின்றால் அப்பா ஏன் அவசரப்பட்டு இறைக்கிறார் என்று தாமே சொல்வார்கள்.

நாலு கிழமை வேலை

முதல் கிழமை அனுமதியும் குழு பிரிப்பும். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம்: நோக்கம், நாள், தண்ணீரின் ஆழம், காவலுக்கு நிற்பவர், முதலுதவிப் பெட்டி, செலவு. பெற்றோருக்கு ஒரு சிறு துண்டு. அதில் "படகை வீட்டில் செய்யத் தேவையில்லை" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். குழுவுக்கு நாலு பேர். பிள்ளைகளைத் தாமாகச் சேரவிட்டால் கெட்டிக்காரர் நாலு பேர் ஒரு பக்கம் போய்விடுவார்கள், ஆகவே இல்லத்தின்படியோ சீட்டுக் குலுக்கியோ பிரியுங்கள். ஒருவர் வரைபவர், ஒருவர் மடிப்பவர், ஒருவர் கணக்குப் பார்ப்பவர், ஒருவர் குறிப்பெழுதுபவர். இரண்டாம் படகில் வேலைகள் மாறவேண்டும். மாறாவிட்டால் பெண்பிள்ளை எப்போதும் குறிப்பெழுதிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் கிழமைதான் இதில் கனமான கிழமை. இரண்டு பாடவேளையாவது கேட்டு வாங்குங்கள். முதல் வேளையில் கணக்கு. 24 சென்ரிமீற்றர் சதுரத்தை விளிம்பு உயர்த்திப் பெட்டியாக மடித்தால் எந்த உயரத்துக்குக் கனவளவு அதிகம்? பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் 2 என்றால் அடி 20 க்கு 20, கனவளவு 800 கன சென்ரிமீற்றர். உயரம் 3 என்றால் 972. 4 என்றால் 16 க்கு 16 க்கு 4, அதாவது 1024. 5 க்கு 980. 6 க்கு 864. ஏறி இறங்குகிறது, உச்சம் 4 இல். ஒரு கன சென்ரிமீற்றர் நன்னீரின் திணிவு ஒரு கிராம். ஆகவே விளிம்புவரை தாழ்ந்த அந்தப் பெட்டி இடம்பெயர்க்கும் தண்ணீர் 1024 கிராம். படகும் சுமையும் சேர்ந்து அதைத் தாண்ட முடியாது. சாதாரண தர விஞ்ஞானத்தில் மேலுதைப்பு, ஆக்கிமிடிசின் தத்துவம் என்று பாடமாக்குவது இதைத்தான். 18 சென்ரிமீற்றர் சதுரம் என்றால் உச்சம் 3 சென்ரிமீற்றர் உயரத்தில், 432.

பெட்டியின் மூலையை வெட்டவேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். வெட்டிய மூலை ஒழுகும். மூலையைக் கிள்ளி ஒரு முக்கோணமாக்கி, அதைப் பக்கச்சுவரோடு மடித்து, ஒரு துண்டு செலோடேப்பால் பிடித்து, மடிப்பின் வெளிப்புறம் முழுக்க மெழுகு தேய்க்கவேண்டும். விரலால் தடவினால் மடிப்பு வழுவழுப்பாக இருக்கவேண்டும். சொரசொரப்புப்பட்டால் அங்கே மெழுகு போகவில்லை.

இரண்டாம் வேளையில் முதல் மிதப்பு. 1024 என்று கணக்குப் போட்ட பிள்ளைகள் தங்கள் படகு அதற்குக் கிட்டவும் போகாமல் தாழ்வதைப் பார்ப்பார்கள். அரைவாசி தாண்டினாலே நல்ல வேலை. ஏன் என்றால், சுமை கூடக்கூடப் படகு ஆழம் இறங்குகிறது, ஆழத்தோடு தண்ணீரின் அமுக்கமும் கூடுகிறது, பக்கச்சுவரின் நடுப்பகுதி உள்ளே வளைகிறது, அந்த இடத்தில் விளிம்பு தாழ்கிறது. தண்ணீர் வருவது மூலையால் அல்ல, பெரும்பாலும் அந்த நடு விளிம்பால்.

இந்த இடத்தில் ஆசிரியர் வாயைக் கட்டிக்கொள்வதுதான் கஷ்டமான வேலை. "ரீச்சர், எங்கட கப்பல் நடுவால குடிக்குது" என்று வருவார்கள். ஈர்க்கை வைத்துக் கட்டு என்று சொல்லிவிடாதீர்கள். "அப்ப என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் கிழமை திருத்தம். பெரும்பாலான குழுக்கள் விளிம்பை ஒரு சென்ரிமீற்றர் மடித்து உள்ளே ஈர்க்கு வைக்கும் யோசனைக்கு வந்துசேரும். அப்போது சதுரம் 24 இலிருந்து 22 ஆகிறது, பெட்டியின் உச்சக் கனவளவு 1024 இலிருந்து ஏறத்தாழ 789 க்கு இறங்குகிறது. ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. ஆனாலும் சுவர் வளையாததால் முன்னையதைவிடக் கூடச் சுமக்கலாம். விளிம்பை மடிக்காமல் ஈர்க்கை வெளியே நூலால் கட்டினால்? குறுக்கே ஐஸ்பழத் தடி வைத்தால்? நிறை கூடுமே? இந்தப் பேரம்தான் கப்பல் கட்டுபவரின் வேலை. குறிப்புக் கொப்பியில் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்துக்குப் பக்கம் வரைந்து, மாற்றியதற்குக் காரணம் எழுதவேண்டும். பொதியில் உள்ள இரண்டாவது சதுரம் இதற்குத்தான்.

நாலாம் கிழமை போட்டி. அதற்கு முந்திய நாள் தொட்டி, படி, புள்ளித்தாள் மூன்றையும் தயார்படுத்துங்கள்.

விதியும் புள்ளியும்

விதிகள் ஒரு அரைப்பக்கத்துக்குள் அடங்கவேண்டும். படகு பொதியில் உள்ள பொருட்களால் மட்டும். குழுவே சுமையை ஏற்றும், நடுவர் தொடமாட்டார். பத்து வினாடிக்கு ஒரு படி. வைத்த படியைப் பிறகு நகர்த்தக்கூடாது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே ஓடினாலோ படகின் அடி தொட்டியின் தரையைத் தொட்டாலோ முடிந்தது. கடைசியாக ஏற்றிய படி கணக்கில் வராது. உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தால் அது தாழ்ந்ததாகாது. இதைத் தெளிவாக எழுதாவிட்டால் அன்றைக்கு முழுக்க இதே வாக்குவாதம்தான்.

100 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம். சுமைக்கு 50: கூடிய சுமை ஏற்றிய குழுவுக்கு முழுப் புள்ளி, மற்றவர்களுக்கு விகிதப்படி. முதலாவது குழு 700 கிராம், இன்னொரு குழு 560 என்றால் அந்தக் குழுவுக்கு 40. திருத்தத்துக்கு 30: முதல் மிதப்பில் கண்ட குறை, செய்த மாற்றம், காரணம், கொப்பியில் உள்ள வரைபடம். எதிர்வுகூறலுக்கு 10: படகை விடமுன் எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்; உண்மைச் சுமையிலிருந்து பத்து வீதத்துக்குள் இருந்தால் முழுப் புள்ளி. மீதி 10 மேசையைத் துப்புரவாக விட்டதற்கு. எதிர்வுகூறல் சின்ன விஷயமாகத் தெரியும். கைவேலை வராத, கணக்கு வரும் பிள்ளைக்குக் குழுவுக்குள் மரியாதை கிடைக்கும் இடம் அதுதான். சமநிலை வந்தால் நிறை குறைந்த படகு முன்னுக்கு.

போட்டி நாள்

நடுவருக்கு மூன்று பேர் போதும். ஒருவர் கட்டாயம் தண்ணீரோடு புழங்கியவராக இருக்கட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் வள்ளம் திருத்தத் தெரிந்த ஒரு பெரியவர் வருவார். குளப் பக்கம் என்றால் நன்னீர் மீன்பிடிகாரர். அவரிடம் பேச்சுக் கேட்காதீர்கள். திருத்தப் புள்ளி போடும்போது பிள்ளைகளோடு குந்தியிருந்து படகைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) எது, ஏரா (அடியில் நீளத்துக்கு ஓடும் கட்டை) எதற்கு, ஏன் அடி தட்டையாக இருந்தால் கரையிழுக்க வசதி என்று தன்பாட்டில் சொல்லத் தொடங்குவார்.

தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மேடை வேண்டாம். ஏதாவது சொல்லத்தான் வேண்டுமென்றால் அன்னபூரணியைச் சொல்லுங்கள்: வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல், 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு குழுவுக்கு ஏற்றவும் இறக்கவும் ஏழு நிமிடம் எடுக்கும். பத்துக் குழு, இரண்டு இரண்டாக என்றால் முக்கால் மணித்தியாலத்தில் முடியும். காத்திருக்கும் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நெருங்காமல் ஒரு மீற்றர் தள்ளி சுண்ணாம்புக் கோடு கீறிவிடுங்கள். பெரிய கரும்பலகையில் ஒவ்வொரு படியையும் ஒரு கோடாகப் போட்டால் பார்ப்பவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள்.

கரையோரப் பாடசாலைக்கு ஒரு மேலதிக விளையாட்டு: இரண்டு பேசின், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பெரியவர் யாராவது கொண்டுவந்த கடல்நீர். வென்ற படகை இரண்டிலும் விடுங்கள். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் கூட. 800 கிராம் தாங்கும் படகுக்கு அது 20 கிராம், அதாவது சின்னப் படி இரண்டு. கப்பல்களின் விலாவில் நன்னீருக்கு ஒன்று, கடல்நீருக்கு ஒன்று என்று சுமைக்கோடு கீறியிருப்பது இதனால்தான். களப்புத் தண்ணீர் இதற்குச் சரிவராது, மழைக்கும் வெயிலுக்கும் அதன் உப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

பரிசுக்குக் கொப்பியும் பேனையும் போதும். கிண்ணம் வாங்கும் காசில் அடுத்த வருடப் பொதிகள் வந்துவிடும்.

அடுத்த முறைக்கு: ஓட்டமும் பாயும்

சுமைப் போட்டி ஒருமுறை பழகிவிட்டால் ஓட்டத்துக்குப் போகலாம். 3 மீற்றர் பீலியை இரண்டு பக்கமும் அடைத்து மேசையில் வைத்தால் படகு திசைமாறாது. படகின் அகலம் 7 சென்ரிமீற்றருக்குள். பின்பக்கம் இரண்டு ஐஸ்பழத் தடிகளுக்கு நடுவே றப்பர் வளையம், அதில் ஒரு சிறு தகடு. முறுக்கி விட்டால் துடுப்பாகச் சுழலும். எல்லோருக்கும் ஒரே வளையம், ஒரே 20 முறுக்கு. தண்ணீரைப் பின்னே தள்ளினால் படகு முன்னே போகும்: தாக்கமும் மறுதாக்கமும். முறுக்கிய திசை பிழைத்தால் படகு பின்னுக்குப் போகும், அதையும் ஒருமுறை போகவிடுங்கள்.

பாய்ப் போட்டிக்குச் சோளகம்தான் இயந்திரம். மின்விசிறியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுவரவே கூடாது. காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் படகுகளைத் தனித்தனியே நேரம் பார்க்காமல் பெரிய தொட்டியில் ஒரே வரிசையில் சேர்த்து விடுங்கள். மூன்று ஓட்டம் வைத்து இடங்களைக் கூட்டுங்கள். பாய் உயரமானால் கவிழும், அடியில் சிறு கல்லைக் கட்டினால் நிமிரும். திருவிழாக் கடைகளில் விற்கும், மெழுகுச் சூட்டில் டுப்டுப் என்று ஓடும் தகரப் படகைப் பிள்ளைகள் கேட்பார்கள். நெருப்பும் கூட்டமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அது வேண்டாம். விஞ்ஞானகூடத்தில் ஆசிரியர் ஓட்டிக் காட்டலாம்.

முடிந்தபின்

தண்ணீரைக் கொட்டிவிடாமல் வாளியால் அள்ளிப் பாடசாலைத் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். கடல்நீர்ப் பேசின் மட்டும் தனியே. தொட்டியை அன்றைக்கே கலையுங்கள்: படங்கின் மடிப்பில், வாளியில், கவிழ்க்காத பேசினில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு கிழமைக்குள் பெருகிவிடும். படங்கைக் காயவைத்து, மண் தட்டி, சுருட்டி, சொன்ன நாளில் உரியவரிடம் கொடுங்கள். கறையோடு கொடுத்தால் அடுத்த வருடம் தரமாட்டார்கள்.

பால்மா உறைகளை எரிக்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள படகுகளை வகுப்பறை யன்னலோரம் வையுங்கள், மற்றவற்றைப் பிரித்துக் கழுவினால் அடுத்த முறைப் பயிற்சிக்கு உதவும். சுமைப் படிகளை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, நனைந்தவற்றை மாற்றி, எண்ணிக்கையை மூடியில் எழுதி ஒரு பெட்டிக்குள் போடுங்கள். விதித்தாள், புள்ளித்தாள், கடித மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அதே பெட்டிக்குள். பக்கத்துப் பாடசாலை கேட்டால் பெட்டியை அப்படியே கொடுத்துவிடலாம். பீலியை மட்டும் வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். நிழலில் படுக்கையாக வையுங்கள்.